டிராயரில் நான்கு வில்லைகள்

தேசியப் பூங்காவின் வாசலில், நுழைவுச் சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நான் ஆறு வருடம் உட்கார்ந்திருந்தேன். காலை ஐந்தே முக்காலுக்கு வந்து, பூட்டைத் திறந்து, மேசையைத் துடைத்து, கண்ணை மூடி ஒரு நிமிடம் கடவுளைக் கும்பிடுவேன். இன்று என்னால் யார் மனமும் நோகக் கூடாது என்று வேண்டிக்கொள்வேன். வேண்டி முடித்த கையோடு டப்பாவிலிருந்து நான்கு வில்லைகளை எடுத்து டிராயருக்குள் போட்டு மூடுவேன். இரண்டையும் செய்தது ஒரே கைதான். ஆறு வருடமும் அது எனக்கு உறுத்தவில்லை என்பதைத்தான் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்கள் பூங்காவில் ஓர் அருவி இருக்கிறது. வாசலிலிருந்து காட்டுப் பாதையில் நான்கு கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஒரு காலத்தில் யார் வேண்டுமானாலும் போகலாம் என்றிருந்தது. விடுமுறை நாளில் இரண்டாயிரம், மூவாயிரம் பேர் போனார்கள். சரிவில் மண் கரைந்து மரங்களின் வேர் வெளியே தெரிந்தது. தண்ணீர் குடிக்க வந்த மிருகங்கள் வருவதை நிறுத்திக்கொண்டன. அதனால் ஒரு நாளைக்கு எண்பது பேர் என்று வரம்பு கட்டினார்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. காட்டுக்கும் மூச்சுவிட நேரம் வேண்டும்.

எண்பதில் எழுபது இடம் கம்ப்யூட்டரில். மாதம் முதல் தேதி காலை ஆறு மணிக்குத் திறக்கும். ஆறு நான்குக்கு எல்லாம் முடிந்திருக்கும். நல்ல போனும் வேகமான விரலும் உள்ளவர்களுக்கு அது. மீதிப் பத்து, நேரில் வருகிறவர்களுக்கு. 'தினமும் பத்து இடங்கள், குலுக்கல் முறையில்' என்று ஜன்னலுக்கு மேலே நீலப் பலகையில் எழுதியிருக்கும். ஏழரை மணிக்கு வரிசையில் எத்தனை தலை என்று எண்ணி, அத்தனை மரவில்லைகளைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவேன். பத்து வில்லையில் வெள்ளைப் பொட்டு இருக்கும். மற்றவை வெறும் மரம். டப்பாவை நான் ஜன்னலுக்கு வெளியே நீட்ட, ஒவ்வொருவராகக் கையை விட்டு எடுப்பார்கள். பொட்டு வந்தால் சீட்டு. வெறும் மரம் வந்தால் எதிரே பஸ் நிறுத்தம்.

பலகை சொன்னது இது. டப்பாவில் இருந்த பொட்டு ஆறுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே வனச்சரகர் ஜன்னலில் சாய்ந்து நின்று சொன்னார். "பத்துல நாலு எடுத்து வச்சுக்குங்கம்மா. மேலிடத்துலேர்ந்து கடிதாசியோட யாராவது வந்து நின்னா நான் எங்க போவேன்?" எழுத்தில் எதுவும் தரவில்லை. நானும் கேட்கவில்லை. வாரத்தில் ஓரிரண்டு நாள், ஜனங்கள் கலைந்துபோன பிறகு, ஒன்பது மணிக்கு ஒரு ஜீப் வரும். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டைகள் இறங்கும். நான்கு சீட்டு அச்சடித்துக் கொடுப்பேன். மற்ற நாட்களில் யாரும் வருவதில்லை. அன்றைக்கெல்லாம் அந்த நான்கு இடமும் யாருக்கும் பயன்படாமல் டிராயரிலேயே கிடந்து வீணாகும். வராத விருந்தாளிக்காக வாசலில் நிற்பவனைப் பட்டினி போட்ட கதைதான்.

இது யார் கண்ணிலும் படவில்லை. தோற்றவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்கள். ஜெயித்தவர்கள் எண்ணிக்கொண்டு நிற்பார்களா? காவலாளிக்கு மட்டும் தெரியும். அவரை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவோம், அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பார். அவரும் நானும் இதைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

அந்த வருடம் சீசன் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். சரிவைச் செப்பனிட்டு மரக்கன்று நட வேண்டியிருப்பதால் இன்னும் பதினைந்து நாளில் அருவிப் பாதை மூடப்படும். மறுபடி திறக்க மூன்று வருடம். அறிவிப்பு ஒட்டிய மறுநாள் காலையிலிருந்து அந்த மனிதர் வரிசையில் நின்றார்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். காலர் நைந்த சட்டை, தோளில் ஒரு துணிப்பை. முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். முறை வந்ததும் வலது கையை டப்பாவுக்குள் விட்டு, தேடாமல், கிடைத்ததை எடுப்பார். வெறும் மரம். அதை என் மேசைமேல் ஓசை வராமல் வைத்துவிட்டு, எதிரே பஸ் நிறுத்தத்து பெஞ்சில் போய் உட்கார்வார். முதல் பஸ்ஸை விட்டுவிடுவார். இரண்டாவதையும் விட்டுவிடுவார். பத்து மணி வண்டியில்தான் போவார். இப்படிப் பன்னிரண்டு நாள்.

பதின்மூன்றாம் நாள் கூட்டம் கலைந்ததும் அவர் பெஞ்சுக்குப் போகவில்லை. ஜன்னலுக்கு வந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"டப்பாவுல வெள்ளைப் பொட்டு ஆறுதான் போடுறீங்களா?"

என் கை தன்னாலே டிராயர்மேல் போயிற்று. அதை அவர் பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"நான் எடைமேடையில வேலை பாக்கறவன். லாரிய நிறுத்தி எடை போடுவோமில்ல, அது. முப்பது வருஷமா எதையாவது எண்ணிக்கிட்டே இருந்து பழக்கமாயிடுச்சு. பதிமூணு நாள்ல ஒரு நாள்கூட ஏழாவது ஆள் உள்ள போகல. ஜீப்பு மட்டும் மூணு தடவ போச்சு."

மேசைமேல் கிடந்த வெறும் வில்லைகளைப் பொறுக்கி டப்பாவில் போட ஆரம்பித்தேன்.

"சண்டைக்கு வரலம்மா. பலகையில பத்துன்னு இருக்கு. அத ஆறுன்னு மாத்தி எழுதிடுங்க. வர்றவங்க அதுக்குத் தகுந்த மாதிரி ஆசைப்பட்டுக்குவாங்க."

யாராவது என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால் அன்று சாயங்காலத்துக்குள் மறந்திருப்பேன். அவர் அந்தக் குரலில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"தினமும் வர்றீங்களே, அப்படி என்னங்க அந்த அருவியில?" என்று கேட்டேன்.

துணிப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். "எம் பொண்ணு போன வருஷம் அங்கதான் விழுந்துட்டா. காலேஜ் பிள்ளைங்களோட வந்தா. பாறையில கால் வழுக்கிடுச்சு."

எனக்கு அது நினைவிருந்தது. மூன்று நாள் தேடினார்கள். அருவி விழும் மடுவில் ஆழம் அதிகம், அடியில் குகை போல் போகிறது என்றார்கள். கிடைக்கவில்லை. வீட்டு ஆட்களை உள்ளே விடக் கூடாது என்று உத்தரவு. வாசலில் கயிறு கட்டி, அதற்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருந்தோம். இவரும் அங்கே மூன்று நாள் நின்றிருக்க வேண்டும். அந்தக் கயிற்றின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டியவளே நான்தான். அவர் முகம் எனக்கு நினைவில்லை.

"நல்லாத்தான் தேடினாங்க, குறை சொல்லக் கூடாது. மைக்கு வச்சுக் கூப்பிட்டது இங்க வரைக்கும் கேட்டுச்சு. ஆனா காலேஜ் ரிஜிஸ்டர்ல இருந்த பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்கம்மா. அந்தப் பேரச் சொன்னா எங்க வீட்டுல யாருன்னு கேப்பா அவ. பொறந்ததுலேர்ந்து அவ கொசு. காதுகிட்டயே வந்து நொய் நொய்யின்னு பேசிக்கிட்டே இருப்பா, அதான் கொசு. வெளியில அப்படிக் கூப்பிட்டா மானம் போச்சுன்னு சண்டை போடுவா." சிரிக்கப் பார்த்து, பாதியில் விட்டார். "அவ அம்மா படுத்த படுக்கை. பேசறதே கொஞ்சம். பேசினா இத ஒண்ணத்தான் பேசறா. தெரியாத பேர்ல கூப்பிட்டா எம் பொண்ணு எப்படி வருவா, நம்ம வீட்டுப் பேர் சொல்லி ஒருத்தர்கூடக் கூப்பிடலியேன்னு. நீங்க போய் ஒரு தடவ கூப்பிட்டுட்டு வந்துடுங்க, அப்புறம் நான் கேக்க மாட்டேன்கறா. மூணு வருஷம் கழிச்சுத் திறந்தா, அவ இருக்க மாட்டாம்மா."

"கம்ப்யூட்டர்ல…"

"அஞ்சு மாசம் பிரௌசிங் சென்டர் வாசல்ல நின்னேன். அந்தப் பையன் எம் பேர அடிச்சு முடிக்கறதுக்குள்ள தீந்துடுது."

அன்று மாலை சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் தையல் மெஷினில் வேலை செய்கிறவர், எதற்கும் நேர்வழியாகத்தான் யோசனை சொல்வார். "நாலு வில்லை சும்மாத்தானே கெடக்கு? ஒண்ண எடுத்து அந்த மனுஷன் கையில குடுத்துட்டு வா. இதுக்குப் போய் சோத்தப் பெசஞ்சுக்கிட்டே உக்காந்திருக்கியே."

மறுநாள் முதலில் சரகரிடம் போனேன். எல்லாவற்றையும் சொல்லி, ஒரே ஒரு சிறப்பு அனுமதி கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. கேட்டதும் அவர் முகம் வாடியது உண்மை. ஆனாலும் தலையை ஆட்டினார்.

"பாவம்தான். ஆனா இருபது வருஷத்துல அந்த மடு பதினோரு பேர முழுங்கியிருக்கு. இவருக்குக் குடுத்தா மீதிப் பத்து வீட்டுக்கும் குடுக்கணும். வரம்புன்னா வரம்புதாம்மா." பிறகு குரலைத் தாழ்த்தி, "வேணும்னா யார்கிட்டயாவது ஒரு கடிதாசி வாங்கிட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

இந்த இரண்டு பேச்சும் ஒன்றோடு ஒன்று மோதியது அவர் காதில் விழவில்லை. ஆறு வருடம் என் காதிலும் விழுந்ததில்லையே.

எடைமேடைக்காரர் அன்றும் வெறும் மரத்தைத்தான் எடுத்தார். கூட்டம் போன பிறகு அவரைக் கூப்பிட்டேன். டிராயரைத் திறந்து, பொட்டு வைத்த வில்லை ஒன்றை எடுத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன்.

"நாளைக்குக் கடைசி நாள். டப்பாவுக்குள்ள கை விடும்போது இத உள்ளங்கையில மறைச்சு வச்சுக்குங்க. நான் பாக்கல."

வாங்கிக்கொண்டார். எடை பார்ப்பவர் போல உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் ஆட்டினார். நெடுநேரம் அதையே பார்த்தார். கட்டைவிரலால் பொட்டைத் தடவினார். ஒப்புக்கொண்டார் என்றே நினைத்தேன்.

"இது டப்பாவுக்குள்ள இருக்க வேண்டியதும்மா" என்று திருப்பி மேசைமேல் வைத்தார். "எங்கையில குடுத்தா நானும் ஜீப்புல வந்தவன்தான். வரிசையில நிக்கற ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம் இருக்கும். எங்கிட்ட நீங்க கேட்டீங்க, சொன்னேன். அவங்ககிட்ட யாரும் கேக்கல, அவ்வளவுதானே."

"உங்க வீட்டம்மா?"

"அதான்" என்றார். துணிப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பெஞ்சுக்குப் போனார்.

கடைசி நாள் காலை கண்ணை மூடிக் கும்பிட்டேன். என்ன கேட்பதென்று தெரியவில்லை. கண்ணைத் திறந்து, டிராயரிலிருந்து நான்கையும் எடுத்து டப்பாவில் போட்டேன். ஆறு வருடத்தில் முதல் தடவையாக டப்பாவில் பத்துப் பொட்டு இருந்தது. மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தேன். ஜன்னலைத் திறந்து வரிசையைப் பார்த்ததும் அது அப்படியே அடங்கிவிட்டது. கடைசி நாள் என்பதால் வரிசை பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போயிருந்தது. நெட்டை எண்ணிவிட்டு வந்து, "நூத்திப் பன்னண்டு" என்றார். நேற்று வரை அறுபது பேருக்கு ஆறு. இன்று நூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பத்து. பதினான்கு நாள் முன்னால் செய்திருக்க வேண்டியதைச் செய்துவிட்டு அதற்குப் பலனும் எதிர்பார்த்தேன்.

எடைமேடைக்காரருக்கு அடுத்து ஒரு முடிதிருத்துகிறவர் நின்றிருந்தார். வாரத்தில் அவர் கடைக்கு விடுமுறை உள்ள நாளில் மட்டும் வருவார், ஐந்து வாரமாக வருகிறார். வாய் ஓயாது. "ஊர்ல உள்ள தலையெல்லாம் நான் தண்ணி தெளிச்சு நனைக்கறேன். எந்தலையில ஒரு நாளாவது அருவி தெளிக்கட்டும்னு பாக்கறேன், விட மாட்டேங்குதே" என்று வரிசையைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். முன்னால் நிற்பவரைப் பார்த்து, "அண்ணே, நீங்க தினமும் வர்றவராமே. பதினாலு நாளா மரக்கட்டைதானாமே. கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே, உங்க ராசி எனக்கு ஒட்டிக்கப் போவுது" என்றார்.

எடைமேடைக்காரர் சிரித்துக்கொண்டே உண்மையாகவே ஓர் அடி தள்ளி நின்றார்.

முறை வந்தது. டப்பாவை நீட்டினேன். ஒன்பது பொட்டு உள்ளே இருந்தது, எனக்குத் தெரியும். அவர் என்றும்போல் கிடைத்ததை எடுக்கவில்லை. முதல் தடவையாக உள்ளே தேடினார். விரல்களை அடி வரைக்கும் விட்டுத் துழாவினார். பின்னால் யாரோ, "காய்கறியா பொறுக்கறாரு?" என்றார்கள். எடுத்தார். திருப்பிப் பார்த்தார்.

வெறும் மரம்.

அடுத்து முடிதிருத்துகிறவர் கையை விட்டார். பொட்டு.

"பாத்தீங்களா, தள்ளி நின்னதுக்குப் பலன்" என்று வில்லையை நெற்றியில் ஒட்டிக்கொண்டு காட்டினார். ஜனங்கள் சிரித்தார்கள். நான் அவர் அடையாள அட்டையை வாங்கி, பெயரை ஏற்றி, சீட்டை அச்சடித்துக் கொடுத்தேன்.

எடைமேடைக்காரர் அன்று வில்லையை மேசைமேல் வைக்கவில்லை. கைக்குள் மூடிக்கொண்டு நகர்ந்தார். பெஞ்சு வரை போக முடியவில்லை போலிருக்கிறது, வாசல் கம்பத்தடியில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். பத்துப் பொட்டும் போய் வரிசை கலைந்ததும் நான் வெளியே வந்து பக்கத்தில் நின்றேன். அண்ணாந்து பார்த்தார்.

"நேத்து நீங்க குடுத்தப்ப வாங்கியிருக்கலாம்மா" என்றார். "பெரிய மனுஷன் மாதிரி பேசிட்டேன். அவகிட்டப் போய் என்ன சொல்லுவேன்?"

நானும் பக்கத்தில் உட்காரக் குனிந்தேன்.

அந்த நேரம் பார்த்து, ஒன்பது மணிக்கு முன்னாலேயே, ஜீப் வந்து நின்றது. நான்கு பேர். சரகரே கூட வந்திருந்தார். "நாலு சீட்டு அடிங்கம்மா" என்றார்.

"எண்பது முடிஞ்சிடுச்சு சார்."

அவருக்குப் புரிய ஒரு நொடி ஆனது. மெஷினைப் பார்த்தார். எண்பதுக்கு மேல் ஒரு சீட்டைக்கூட அது அச்சடிக்காது, அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். டிராயரைத் திறந்து பார்த்தார். காலி.

"யாரக் கேட்டுப் போட்டீங்க?"

"பலகையப் பாத்துப் போட்டேன் சார்."

ஜீப் வந்த வழியே திரும்பியது. அவர் என்னிடம் கத்தவில்லை. "மத்தியானம் ஆபீசுக்கு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எடைமேடைக்காரர் என்னிடம் சொன்னதையெல்லாம் வாசலில் நின்று கேட்டிருந்த நெட்டை, இதற்குள் முடிதிருத்துகிறவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அவர் ஜன்னலுக்கு ஓடி வந்தார்.

"அக்கா, எஞ்சீட்டக் கிழிச்சுப் போட்டுட்டு அந்த அண்ணன் பேர்ல அடிங்க. நான் போகல."

"அடிச்ச சீட்ட மாத்த முடியாதுங்க. ரத்து பண்ணினா அந்த எடம் கம்ப்யூட்டருக்குப் போயிடும். எங்கேயோ உக்காந்திருக்கற யாரோ ஒருத்தருக்குக் கிடைக்கும். இங்க திரும்பி வராது."

"எங்கார்டக் குடுத்து அனுப்பினா?"

"உள்ள ரெண்டாவது கேட்ல போட்டோவப் பாப்பாங்க."

"எவன் இந்த ஏற்பாட்டப் பண்ணினான்" என்று முணுமுணுத்தார். சீட்டை விற்றுப் பிழைக்கிறவர்களைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. நல்ல எண்ணத்தோடு செய்ததுதான். தன் வாயில் தானே இரண்டு அடி அடித்துக்கொண்டார். "இந்த வாய் இருக்கே. தள்ளி நில்லுன்னு சொல்லிச்சே."

பிறகு கம்பத்தடியில் போய் எடைமேடைக்காரருக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"அண்ணே, நான் கூப்பிட்டா ஆகுமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வீட்டு ஆள்தான் கூப்பிடணும்னு அண்ணி சொன்னாங்களா, வீட்டுப் பேர் சொல்லிக் கூப்பிடணும்னு சொன்னாங்களா?"

எடைமேடைக்காரர் அதை யோசித்தார். "பேர்தான் சொன்னா" என்றார்.

"அப்ப நான் போறேன். எப்படிக் கூப்பிடணும், சொல்லுங்க."

"கொசு."

"கொசு" என்றார் முடிதிருத்துகிறவர்.

"அப்படி இல்ல. அது நாலு பேர் முன்னாடி சொல்ற மாதிரி இருக்கு. முன்னாடி இழுக்கக் கூடாது, கடைசியிலதான் இழுக்கணும். கொசூ…"

"கொசூ…"

"கோவம் தெரியுது. சாப்பாடு ஆறிப் போவுதுன்னு கூப்பிடற மாதிரி. அவ பக்கத்து அறையிலதான் இருக்கா. எழுந்து வரச் சோம்பேறித்தனம், அவ்வளவுதான்."

"கொசூ…"

வாசலில் எட்டு மணிக்காகக் காத்து நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பெரிய ஆண்கள் தரையில் உட்கார்ந்து மாறி மாறிக் கொசு கொசு என்று கூவினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? சிரித்தார்கள். நெட்டை அவர்கள் பக்கம் போய் மெல்ல ஏதோ சொன்னார். அதன் பிறகு அங்கே சத்தமே இல்லை. ஆறேழு தடவை திருத்திய பிறகு எடைமேடைக்காரர் தலையசைத்தார். துணிப்பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "ஏத்தம் இருக்கும். தொண்டை காஞ்சுட்டா குரல் வராது."

எட்டு மணிக்கு வாசல் திறந்தது. எண்பதாவது ஆளாக முடிதிருத்துகிறவர் உள்ளே போனார். போகும்போதும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

எடைமேடைக்காரர் அன்று பத்து மணி வண்டியில் போகவில்லை. மத்தியானம் நான் ஆபீசுக்குப் போய், என்னை வேறு இடத்துக்கு மாற்றிய தாளை வாங்கிக்கொண்டு வந்தபோதும் பெஞ்சிலேயே இருந்தார். என் டிபன் டப்பாவைத் திறந்து பாதியை மூடியில் வைத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிச் சாப்பிட்டார். "உங்களுக்கு ஏதாச்சும் தொந்தரவா?" என்று கேட்டார். "இல்லை" என்று சொல்லிவிட்டேன். அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

மாலை நாலு மணிக்கு எல்லோரும் வெளியே வந்தாக வேண்டும். முடிதிருத்துகிறவர் கடைசியில் வந்தார். சட்டை தோள் வரை நனைந்திருந்தது. காலையில் பார்த்த ஆளாகத் தெரியவில்லை. நேராக வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"கூப்பிட்டேண்ணே."

"எத்தன தடவ?"

"மூணு தடவ. மடுவுக்கு மேல கம்பி போட்டிருக்காங்க. அதுக்கு மேல போக விடல. கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னு கூப்பிட்டேன்."

"சிரிச்சாங்களா?"

"ரெண்டு பேர் சிரிச்சாங்க. ஒரு அம்மா என்னன்னு வந்து கேட்டாங்க. சொன்னேன். பொம்பளக் குரல் ஒண்ணும் இருக்கட்டும்னு அவங்களும் ஒரு தடவ கூப்பிட்டாங்க. நீங்க சொன்ன மாதிரியே சொல்லிக் குடுத்தேன்."

எடைமேடைக்காரர் கையிலிருந்த மரவில்லையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார். "அப்புறம்?" என்றார்.

முடிதிருத்துகிறவர் என்னைப் பார்த்தார். ஏதாவது இனிப்பாகச் சொல்லிவிடலாமா என்று அவர் கண்ணில் ஓடியதை நான் பார்த்தேன். வாய் ஓயாத மனிதர், நினைத்திருந்தால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"தண்ணி சத்தம்தாண்ணே."

"ம்" என்றார் அவர். சட்டைப் பையிலிருந்து பட்டன் போனை எடுத்தார். பக்கத்து வீட்டுக்காரி எடுத்து, படுத்திருப்பவரின் காதில் வைத்தாள் போலிருக்கிறது. "நான்தான்" என்றார். "இல்ல, எனக்குக் கிடைக்கல. இல்ல, கேளு. ஒருத்தர் போயிட்டு வந்தாரு. அவர்தான் கூப்பிட்டாரு. நம்ம பேர்தான். ஆமா, அதேதான்." பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். போனை முடிதிருத்துகிறவர் பக்கம் நீட்டினார்.

"எப்படிக் கூப்பிட்டீங்கன்னு கேக்கறா."

அவர் போனை வாங்கி எழுந்து நின்றார். ஏனோ தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். சாலையில் ஒரு லாரி போனது. அது போய்ச் சத்தம் அடங்கும் வரை நின்றார்.

"கொசூ…"

பிறகு போனைக் காதில் அழுத்திக்கொண்டு தரையைப் பார்த்தபடி கேட்டார். வெறும் மூச்சுச் சத்தமா, அழுகையா, வார்த்தையா, எங்களுக்குத் தெரியாது. "சரிங்கண்ணி" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"சரியா இருக்குன்னு சொல்றாங்க" என்றார்.

ஐந்து மணி வண்டி வந்தது. இருவரும் ஏறினார்கள். ஏறும்போது எடைமேடைக்காரர் அந்த வில்லையை ஞாபகமாக என்னிடம் கொடுத்தார். அது அலுவலகப் பொருளாம், எண்ணிக்கை குறையக் கூடாதாம்.

இப்போது நான் இருப்பது பழைய பதிவேடுகளை அடுக்கி வைத்திருக்கும் அறையில். ஜன்னல் கிடையாது. இரண்டு மாதம் கழித்து ஒரு விடுமுறை நாளில் முடிதிருத்துகிறவர் என்னை விசாரித்துக்கொண்டு அங்கே வந்தார். வேறு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வந்தாராம். எடைமேடைக்காரரின் வீட்டம்மா காலமாகிவிட்டாராம். போன் பேசிய அன்று நாலு வாய் சாப்பிட்டாராம், அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லையாம். "அந்த அண்ணனுக்கு நான்தான் முடி வெட்டி விடறேன், வாரா வாரம் போறேன்" என்றார். முன்பு போலப் பேசவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

அருவிப் பாதை மூடியிருக்கிறது. கன்றுகள் பிழைத்துவிட்டன என்று நெட்டை சொன்னார், கேட்க நிறைவாக இருந்தது. அருவிப் பக்கம் போகாமல் மேலே ஏறும் மேட்டுப் பாதையில் மட்டும் இப்போது தினமும் எண்பது பேரை விடுகிறார்கள். அதே டப்பா, அதே நீலப் பலகை. அந்த ஜன்னலில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருக்கிறாளாம். நான் பார்த்ததில்லை. காலையில் கண்ணை மூடும்போது முதலில் அவளுக்காகத்தான் வேண்டிக்கொள்கிறேன். அவளுடைய டிராயர் காலியாக இருக்க வேண்டும் என்று.